வெள்ளிக்கிழமைக்குள்ள சர்வர் ஓடணும்

அந்தப் பையை இப்படிக் கொடுங்கக்கா, என் காலடியில இடம் இருக்கு. நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. பாப்பா என் மடியிலதான் இருப்பா, அவளுக்குத் தனி சீட்டு வேணாம். ஜன்னல் கிடைச்சாப் போதும், இறங்கற வரைக்கும் வாயே திறக்க மாட்டா. நான்தான் திறந்துட்டே வருவேன். எங்க வீட்டுக்காரர் சொல்லுவார், உன் பக்கத்துல உக்காந்து வர்றவங்க ஊர் போய் இறங்கறதுக்குள்ள நம்ம ரேஷன் கார்டு நம்பர் வரைக்கும் தெரிஞ்சுக்குவாங்கன்னு. தெரிஞ்சா என்னங்கக்கா, நம்ம என்ன களவாண்டா வச்சிருக்கோம்?

நான் வேலை பார்க்கிறது ஒரு ஹேச்சரியில. பல்லடத்துக்குத் தெற்கே. முட்டையை மெஷினுக்குள்ள வச்சு கோழிக்குஞ்சு பொரிக்கிற கம்பெனி. முட்டை அடுக்கற வேலையான்னு கேட்கறீங்க. மூணு மாசம் முன்னாடி வரைக்கும் அதேதான். முட்டையை லைட் மேல வச்சுப் பார்த்து, உள்ள கரு பிடிச்சிருக்கா இல்லையான்னு பிரிக்கிறது. இப்போ கம்ப்யூட்டர் ரூம். சர்வர் நான்தான் பார்த்துக்கறேன். சர்வர்ங்கிறது ஒரு பெட்டிதானுங்க. எந்த ரூமுல எவ்வளவு சூடு இருக்குன்னு நிமிசத்துக்கு ஒரு தடவை குறிச்சு வச்சுக்கிட்டே இருக்கும். அதை ஓட வச்சது நான். யாரும் சொல்லித் தரலை. தனியாத்தான் பண்ணினேன்.

இல்லைங்கக்கா, படிப்பெல்லாம் பிளஸ் டூவோட சரி. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் குரூப். நாலு கம்ப்யூட்டர் இருந்துச்சு, அதுல ரெண்டு ஓடும். ஒன்னுக்குப் பதினாறு பேர். நான் கீபோர்டைத் தொட்டதை விட, கீபோர்டைத் தொட்டுட்டு இருந்தவ தோளைத் தொட்டதுதான் ஜாஸ்தி.

ஆனா ஆசை வந்தது கம்ப்யூட்டர் மேல இல்லை. நேரத்து மேல. குஞ்சு பொரிஞ்சு வெளிய எடுக்கிற நாள்ல நாலு மணிக்கே வேன் வந்து நிக்கும். வாரத்துல நாலு நாள் அப்படி. இவ ராத்திரி என் முந்தானையைக் கையில சுத்திட்டுத்தான் தூங்குவா. நாலு மணிக்கு அதை அவ கையில இருந்து உருவறதுதான் என் முதல் வேலை. நான் போனப்புறம் எந்திரிச்சுப் பாயைத் தடவிப் பார்ப்பாளாம். அப்புறம் எட்டு மணி வரைக்கும் அழுகை. எங்க அத்தை பாலை ஆத்தி ஆத்திக் கொடுத்துட்டு நிப்பாங்க, ஒரு மடக்கு இறங்காதாம். ஒரு நாள் நான் திரும்பி வந்தப்ப எங்கிட்ட வரவே இல்லை. கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டா. மூணு வயசுக்கு அவ்வளவு ரோசம். அன்னைக்கு முடிவு பண்ணினேன், எப்படியாச்சும் ஒம்பது மணி வேலைக்கு மாறிடணும்னு.

அப்பத்தான் முதலாளி இந்தப் பெட்டியை வாங்கினார். கோயமுத்தூர்ல இருந்து இம்தியாஸ்னு ஒருத்தர் வந்து ரூமுக்கு ஒரு கருவி மாட்டிட்டு, கம்ப்யூட்டரை மேசையில வச்சுட்டு, ரெண்டு தாள் கொடுத்துட்டுக் கிளம்பிட்டார். சாஃப்ட்வேரை நீங்களே ஏத்திக்கலாம், இதுல வரிசையா எழுதியிருக்கேன், சந்தேகம்னா போன் பண்ணுங்கன்னு. எங்க மேனேஜர் நாச்சிமுத்து சார் டீ நேரத்துல வந்து கேட்டார், "இங்க கம்ப்யூட்டர் படிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" நான் கையைத் தூக்கிட்டேன். அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாரு மோகனா. அதுக்குள்ள இது ஓடணும். ஓடுச்சுன்னா ஒம்பதுக்கு வந்து அஞ்சரைக்குப் போ, அந்த நாற்காலி உன்னுது. ஓடலைன்னா திருப்பூர்ல இருந்து டிப்ளமோ படிச்ச பையனை வரச் சொல்லிருவேன்."

அது திங்கக்கிழமை. என் ட்ரேயெல்லாம் யார் பார்க்கிறதுன்னு கேட்டேன். என் கூட்டாளி சுகந்தி, "நான் பார்த்துக்கறேன், நீ போடி கலெக்டரம்மா"ன்னு என்னைப் பிடிச்சுத் தள்ளி விட்டா. அவ அப்ப ஆறு மாசம் முழுகாம இருந்தா. மூணு நாள் தன்னோடதையும் பார்த்து என்னோடதையும் பார்த்தா. ஆனா கம்ப்யூட்டர் ரூமுல நான் தனியாத்தான் இருந்தேன்.

தாள்ல இருக்கறதை அப்படியே அடிச்சேன். மூணாவது வரியிலயே பர்மிஷன் டினைடுன்னு வந்துருச்சு. அதாவது உனக்கு அனுமதி இல்லைன்னு. போன் போட்டேன். இம்தியாஸ் சார் சொன்னார், "அந்தக் கமாண்டுக்கு முன்னாடி சூடோன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கங்க மேடம். அது முதலாளி பேரைச் சொல்லி வேலை வாங்கற மாதிரி. தேவைப்படற இடத்துல மட்டும் போடுங்க." போட்டேன், வேலை நடந்துச்சு. அட, இவ்வளவு சுலபமான்னு எல்லா வரிக்கும் முன்னாடி சூடோ போட்டுட்டேன். தேவைப்படற இடம் எது, படாத இடம் எதுன்னு நான் உக்காந்து பொறுக்கிட்டு இருக்க முடியுங்களா? சாம்பாருக்கு உப்புப் போட்டா ரசத்துக்கும் போட்டுத்தான ஆகணும்.

அப்புறம், குறிக்கிற கணக்கையெல்லாம் வைக்கிறதுக்கு ஒரு ஃபோல்டர் வேணும். தாள்ல ஏதோ ஒரு இடம் எழுதியிருந்துச்சு. எங்கயோ கண் காணாத இடமா இருந்துச்சுக்கா. எனக்கு மனசு ஒப்பலை. முக்கியமான பொருள்னா நம்ம கைக்கெட்டற இடத்துல இருக்கணும். எங்க வீட்டுல பட்டா, கேஸ் புக்கு, வீட்டுக்காரர் லைசென்ஸ் எல்லாம் என் பீரோவுலதான். எங்க கம்பெனியிலயும் ஆளுக்கு ஒரு பெட்டி, அவங்கவங்க சாவி. அதனால கம்ப்யூட்டர்லயும் என் பேர்ல இருக்கிற ஃபோல்டருக்குள்ள, முட்டைன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, அதுக்குள்ள வைக்கச் சொல்லிட்டேன்.

எல்லாம் ஏத்தி முடிச்சு, ஓடுன்னு சொன்னேன். சிவப்பு எழுத்துல ஓடாதுன்னுடுச்சு. பர்மிஷன் டினைடு, முட்டை ஃபோல்டரைத் திறக்க முடியலையாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். என் வீட்டுக்குள்ள, நான் கட்டின ரூமு, நான் வச்ச பேரு, எனக்கே அனுமதி இல்லையா?

போன் போட்டா அவர் நிதானமா, "ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க மேடம்"ங்கறார். படிச்சேன். "உங்களுக்கு அனுமதி இல்லைன்னு சொல்லலை மேடம். சர்வர் உங்க பேர்ல ஓடறதில்லை. அதுக்குன்னு தனியா ஒரு வேலையாள் பேர் இருக்கு, அந்தப் பேர்லதான் ஓடும். நீங்க சூடோ போட்டு உண்டாக்கினதால அந்த ஃபோல்டர் முதலாளி பேர்ல இருக்கு. அந்த வேலையாளுக்கு அதை எழுதிக் கொடுங்க. அப்படியே அதுக்கு மேல இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரும்..."னு என்னவோ ஆரம்பிச்சார். அதுக்குள்ள வெளிய முட்டை லாரி வந்து நின்னுச்சு, ஒரே சத்தம். சரிங்க சார், சரிங்க சார்னு வச்சுட்டேன். அந்த மனுசன் எதையுமே முழுசாச் சொல்ல மாட்டாருங்கக்கா.

செவ்வாய்க்கிழமை பூரா அதுதான். அவர் சொன்ன மாதிரி முட்டை ஃபோல்டரை வேலையாள் பேருக்கு எழுதி வச்சேன். ஓடலை. யூடியூப்ல ஒரு தம்பி, எந்த பர்மிஷன் பிரச்சினைக்கும் மூணு ஏழு போடுங்க, எல்லாருக்கும் எல்லாம் திறந்துரும்னு சொன்னான். போட்டேன். யார் வேணா வரலாம், யார் வேணா எழுதலாம், யார் வேணா அழிக்கலாம். ஊருக்கே திறந்து விட்டாச்சு. அப்பவும் அதே சிவப்பு, அதே டினைடு. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். திருநீறு கூடப் பூசினேன், அதை நாச்சிமுத்து சார் வர்றதுக்குள்ள துடைச்சுட்டேன்.

சுகந்தி டீ எடுத்துட்டு வந்தா. "என்னடி, முட்டை பொரிஞ்சுச்சா?"

"இன்னும் ஓடே விடலைடி."

"லைட் அடிச்சுப் பாரு. கூமுட்டையா இருக்கப் போவுது." சொல்லிட்டு இடுப்பைப் பிடிச்சுட்டு நாற்காலியில உக்காந்தா. அவ காலு அப்பவே பன்னு மாதிரி வீங்கியிருந்துச்சு. "ஓடலைன்னா என்னடி பண்ணுவ?"

"மறுபடியும் நாலு மணி வேன்தான்."

"அப்ப ஓட வை. உம் புள்ளைய நெனச்சு ஓட வை"ன்னுட்டுப் போனா.

வீட்டுக்கு வந்தா இவ நெத்தியில ஒரு வீக்கம். காலையில அழுது அழுது கதவுல முட்டிக்கிட்டாளாம். அத்தை பயந்துட்டே சொன்னாங்க. மஞ்சளை இழைச்சுப் போட்டுட்டு, இவ பக்கத்துல படுத்துட்டு, அந்த ரெண்டு தாளையே பார்த்துட்டு இருந்தேன். மத்தவங்களுக்கு அது ஒரு பெட்டி. எனக்கு அது இவ நெத்தி.

புதன்கிழமை காலையில என்ன நடந்துச்சுன்னா, எங்க ஹேச்சரியில ஒரு சட்டம் இருக்கு. வெளி ஆளுங்க கிருமியைக் கொண்டு வந்துருவாங்கன்னு, யாரா இருந்தாலும் கேட்டுப் பக்கத்துல குளிச்சு, கம்பெனித் துணி மாத்திட்டுத்தான் உள்ள வரணும். முதலாளியே வந்தாலும் தலைக்கு ஊத்திட்டுத்தான். அந்தக் குளியல் ரூமைக் காவல் காக்கிறது மயிலாத்தாக்கா. அன்னைக்கு ஏசி மெக்கானிக் ஒருத்தர் வந்து நின்னு அவங்களோட வாதாடிட்டு இருக்கார். நான் தலையைத் துவட்டிட்டே கேட்டுட்டு இருக்கேன்.

"பாருங்கக்கா, முட்டை ரூமுக்குப் போறதுக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு. நல்லாப் பாருங்க."

"பாத்தனுங். முட்டை ரூமுக்குச் சீட்டு இருக்குதுங். நான் இல்லைங்கல."

"அப்புறம் என்ன, விடுங்க."

"முட்டை ரூமுக்குப் பறந்தா போவீங்கொ? எங்க கேட்டத் தாண்டித்தான போவோணும்? கேட்டுக்குச் சீட்டு எங்கீங்?"

"அந்த ரூமுக்கே விடறாங்க, கேட்டுக்கு விட மாட்டாங்களா?"

"அத அவுங்ககிட்டக் கேளுங்கொ. எனக்குக் கேட்டு மட்டுந்தானுங் தெரியும்."

அந்த ஆள் தலையில கையை வச்சுட்டு நின்னார். நான் துண்டோட அப்படியே நின்னேன். அக்கா, எனக்கு அப்ப தானாத் தோணுச்சு. நான் முட்டை ஃபோல்டரைத்தான திறந்து விட்டேன்? அது இருக்கிறது என் பேர் போட்ட ஃபோல்டருக்குள்ள. அந்த வெளி ஃபோல்டர் என்னுது, அதுக்குள்ள என்னைத் தவிர யாரும் வர முடியாது. அந்த வேலையாள் பாவம், உள் ரூமுக்குச் சீட்டு வச்சுக்கிட்டு வெளிக் கேட்டுல ரெண்டு நாளா நிக்கிறான்.

ஈரத் தலையோட ஓடினேன். என் ஃபோல்டர்ல இருக்கிறதை மத்தவங்க பார்க்க வேணாம், கடந்து போக மட்டும் வழி விடுன்னு ஒரு கமாண்ட் இருக்கு. அதைப் போட்டேன். இப்போ ஓடுன்னேன்.

ஓடலை.

ஆனா இந்தத் தடவை வேற எழுத்து. அதை எழுத்துக் கூட்டிப் படிச்சேன். என்ன சொல்லுதுன்னா, இந்த ஃபோல்டர் ரொம்பத் திறந்து கிடக்குது, யார் வேணா வர்ற இடத்துல நான் கணக்கு வைக்க மாட்டேங்குது. நான் போட்டு வச்ச மூணு ஏழு. அக்கா, அடக்க முடியாமச் சிரிச்சுட்டேன். சாத்தியிருந்தா வர மாட்டேங்குது, திறந்து போட்டா இருக்க மாட்டேங்குது, என் சின்ன நாத்தனாரே பரவாயில்லை போல. சரிம்மா ராணின்னு, அந்த வேலையாளைத் தவிர யாரும் தொடாத மாதிரி மூடினேன். மறுபடியும் ஓடுன்னேன்.

பச்சை. ஓடுதுன்னு பச்சை எழுத்து.

ஒவ்வொரு ரூமும் ஒரு கோடா வந்து நின்னுச்சு. பொரிப்பு மெஷின் முப்பத்தேழரை. மெஷினுக்குப் போற வரைக்கும் முட்டையைக் குளிர்ல வைக்கிற முட்டை ரூம் பதினெட்டு. நான் போய் சுகந்தியைக் கட்டிப் பிடிச்சுட்டேன். அவ கையில ரெண்டு முட்டை, ரெண்டும் போச்சு. அவளும் சிரிக்கிறா. மத்தப் புள்ளைங்களெல்லாம் வந்து எட்டிப் பார்த்து, "எங்க மோகனா பண்ணினது"ன்னு மெக்கானிக் கிட்டச் சொல்றாங்க. இம்தியாஸ் சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர், "மேல இருக்கிற ஃபோல்டரையும் திறக்கணும்னு அன்னைக்கே சொன்னேனே மேடம்"ங்கறார். ஓடினதுக்கு அப்புறம் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். குளிச்சுட்டு, தலை ஈரத்தோட வந்து என் பக்கத்துல நிக்கிறார். ஒவ்வொரு கோடாக் காட்டினேன். பார்த்துட்டே வந்தவர் முட்டை ரூம் கோட்டுல விரலை வச்சார்.

"இது என்னம்மா, நேத்துப் பத்தே காலுக்கு ஒரு மேடு, இன்னைக்கும் அதே பத்தே காலுக்கு ஒரு மேடு? பதினெட்டுல இருக்க வேண்டியது இருபத்தொன்னு போயிருக்குதே. கருவி கோளாறா?"

கோளாறுங்கவும் எனக்குச் சுருக்குன்னுச்சு. மூணு நாள் உசிரைக் கொடுத்து ஓட வச்சிருக்கேன், கோளாறாம். நான் சொன்னேன், "கோளாறே இல்லைங்க ஐயா, அவ்வளவு துல்லியமாப் பிடிக்குதுங்க. வெயிலுக்கு அங்கதான் ஏசி இருக்குது, டீ நேரத்துல நாங்க ஒம்பது பேரும் அதுக்குள்ளதான் உக்காருவோமுங்க. சுகந்தின்னு ஒருத்திங்க, முழுகாம இருக்கா, காலு வீங்கியிருக்கு, அவ மட்டும் கால் மணி நேரம் முன்னாடியே போயிருவாங்க. அதான் பாருங்க, பத்தே காலுக்குச் சின்னதா ஏறி, பத்தரைக்குப் பெருசா ஏறுதுங்க. ஆள் கணக்கு வரைக்கும் தெரியுதுங்க."

முதலாளி நாச்சிமுத்து சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார். அப்புறம் முதலாளி, "நல்ல வேலை பண்ணியிருக்கம்மா"ன்னார். எட்டு வருசத்துல அந்த ஹேச்சரியில அவர் ஒருத்தரைப் பார்த்து அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. திங்கக்கிழமை முட்டை ரூமுக்குப் பூட்டுப் போட்டாங்க. அதுவும் சரிதானுங்க, முட்டை சூடாகி ஆறினா பொரிப்புக் குறைஞ்சுரும். கோடு இப்ப ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி நேரா வருது. பார்த்துட்டே இருக்கலாம்.

நாற்காலி எனக்குத்தான். இப்பக் காலையில இவ எந்திரிக்கிறப்ப நான் பக்கத்துலதான் படுத்திருக்கேன். கண்ணைத் திறந்து பார்த்துட்டு மறுபடியும் மூடிக்குவா. அவ்வளவுதான், அழுகையே இல்லை. ஒரு டம்ளர் பாலையும் குடிச்சுட்டு இன்னும் கேட்கறா. பாருங்க கன்னத்தை.

என்னங்கக்கா? அந்தப் புள்ளைங்கல்லாம் இப்ப டீக்கு எங்க உக்காருவாங்கன்னு கேட்கறீங்களா?

எங்கன்னா... தண்ணித் தொட்டிக்குக் கிழக்கால கொஞ்சம் நிழல் விழும். பத்தரைக்கு விழுமான்னு தெரியலை. நான் கவனிக்கலைங்க. டீயை நான் இப்ப கம்ப்யூட்டர் ரூமுலயே குடிச்சுக்கறேன். அங்க ஏசி போட்டிருக்காங்க. எனக்கு இல்லை, பெட்டிக்கு. பெட்டி சூடாகக் கூடாதில்ல. முதல்ல ரெண்டு மூணு நாள் சுகந்தியை வாடின்னு கூப்பிட்டேன். வேலை இருக்குதுன்னுட்டா. அவளுக்கு எப்பவுமே வேலை ஜாஸ்தி. எல்லாருக்குமே இப்ப வேலை ஜாஸ்திதான் போல, எங்க வாட்ஸாப் குரூப்புல கூட யாரும் ஒன்னும் போடறதில்லை. முன்னெல்லாம் ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் வரும், சாப்பிட்டியா, என்ன குழம்பு, இந்தப் புடவை எப்படின்னு. இப்ப நான் போடற குட் மார்னிங் மட்டும் வரிசையா நிக்குது.

எங்க போறேன்னு சொல்லவே இல்லை பாருங்க. சுகந்திக்கு இன்னைக்கு வளைகாப்பு. குடிமங்கலத்துல அவ அம்மா வீட்டுப் பக்கம் மண்டபம். பத்திரிகை எனக்கு வந்து சேரலை. அவளுக்கு மறதி, அதுவும் இந்த மாதிரி நேரத்துல கேட்கவே வேணாம். மயிலாத்தாக்காதான் முந்தாநாள், "ஞாயித்துக்கெழம வேன்ல எல்லாரும் போறமே, நீ எங்க ஏறிக்கற கண்ணு"ன்னு கேட்டாங்க. நான் எந்த வேன்னு கேட்டேன். அவங்க என் மொகத்தைப் பார்த்துட்டு, துண்டு எடுத்துட்டு வர்றேன்னு உள்ள போயிட்டாங்க. போனவங்க வரவே இல்லை. வயசாச்சு, அவங்களுக்கும் மறதி.

அதனால என்ன, பஸ்ஸு இல்லையா. இந்தக் கவரைப் பாருங்க, பச்சையும் சிவப்பும் ரெண்டு ரெண்டு டஜன். கை வீங்கியிருக்கும்னு ஒரு அளவு பெருசா வாங்கியிருக்கேன். கடைக்காரர் கழண்டு விழுந்துரும்னார். அவருக்கு என்ன தெரியும்.

வெயிலு பாருங்க, காலையிலேயே என்ன போடு போடுது.

பாப்பா, செருப்பைப் போடு சாமி. அக்கா, உங்க பை இந்தாங்க, பத்திரம். கண்டக்டரண்ணா, மண்டபத்துக்கு நேரா நிறுத்திருங்க, ஒன்னரை டிக்கெட்டு இறங்கணும். நேரமாச்சு, எங்களைக் காணோம்னு தேடிட்டு இருப்பாங்க.